நோயாளியின் கணக்கு திறந்த கணக்காகட்டும்

தோட்டத்தில் எதற்குத்தான் கணக்கு இல்லை? மரத்துக்குக் கணக்கு உண்டு. நிரைக்குக் கணக்கு உண்டு. பாலின் எடைக்கு ஒரு கணக்கு, அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு, ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. ஒரு மங்கு உடைந்து புது மங்கு கொடுத்தால் அதற்கும் ஸ்டோர் புத்தகத்தில் ஒரு வரி ஏறும். ஆனால் அந்த மங்கில் பால் இறக்கிய தொழிலாளி நோயால் ஒடிந்து விழுந்தால், அவருடைய கணக்கு எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது?

செக்ரோல் எழுதும் கிராணிமார்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் நன்றாகத் தெரியும். நோய் கண்ட தொழிலாளியின் பெயருக்கு நேரே முதல் மாதம் எம்.சி. என்று குறி விழுகிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு தீர்ந்ததும் கட்டங்கள் வெறுமையாகின்றன. பிறகு ஒரு மாதம், அந்தப் பெயரே புதிய செக்ரோலுக்கு வருவதில்லை. தோட்டத்தைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. அந்தக் குடும்பத்துக்கோ அன்றைக்குத்தான் கஷ்டம் ஆரம்பம்.

நாட்டின் பெரிய கணக்கிலும் இதே கதைதான். வேலையில்லாதவர் என்று அரசாங்கம் யாரைச் சொல்கிறது? வேலை இல்லாமல், வேலை செய்யத் தயாராக இருந்து, வேலை தேடிக்கொண்டிருப்பவரை. முதுகெலும்பு தேய்ந்து படுத்துவிட்டவர் வேலை தேடுவதில்லை. ஆகவே அவர் வேலையில்லாதவர் அல்ல. வேலை செய்பவரும் அல்ல. ‘தொழிலாளர் படைக்கு வெளியே இருப்பவர்’ என்பது அவருக்குப் புள்ளிவிவரத் துறை கொடுக்கும் பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், வீட்டைக் கவனிக்கும் பெண்களும், ஓய்வு பெற்ற முதியவர்களும் நிற்கும் பெருங்கூட்டத்தில் ஓர் ஓரத்தில் அவரும் நிற்கிறார். வேலையில்லாதோர் விகிதம் குறைந்துவிட்டது என்று நல்ல செய்தி வரும்போது, நோயால் வேலை இழந்தவர் அந்த விகிதத்துக்குள் இல்லவே இல்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நோயால் வேலை இழந்தோரைப் பற்றி எந்தச் சட்டமும் திட்டமும் வருவதற்கு முன்னால், அவர்களுடைய கணக்கு பகிரங்கமாக வைக்கப்பட வேண்டும். அவர்களையும் அவர்கள் சங்கத்தையும் அழைத்துப் பேச வேண்டும். மூடிய அறையில் நோயாளிக்காகத் தீட்டப்படும் திட்டம், பெரும்பாலும் நோயாளிக்கு எதிரான திட்டமாகவே வெளியே வருகிறது.

பிரிட்டன் தரும் பாடம்

இந்த விஷயத்தில் அண்மை ஆண்டுகளில் மிகவும் சூடான வாதம் நடந்த நாடு பிரிட்டன். நம் தொழிலாளர் சட்டங்கள் பலவற்றுக்கு மூலம் அந்த நாடு என்பதால், அங்கே நடப்பதை நாமும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே 16 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்களில், நீண்டகால நோயால் வேலைக்கு வெளியே நிற்பவர்கள் 2019-இல் சுமார் 20 லட்சம் பேர். 2024-இல் அது சுமார் 28 லட்சமாக ஏறிவிட்டது. இந்த எண்ணிக்கை எப்படி வெளியே தெரிந்தது? யாரும் திருடிக்கொண்டு வந்து கொடுக்கவில்லை. அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் வேலை நிலவரத்தை மாதந்தோறும் வெளியிடுகிறது. வேலைக்கு வெளியே இருப்பவர்களைக் காரணம் வாரியாகப் பிரித்து, நோயை ஒரு தனி வரியாகவே போடுகிறது. 2023 அக்டோபரில், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் குடும்பங்கள் மிகவும் குறைந்துபோனதால், அந்தக் கணக்கெடுப்பின் எண்களை வெளியிடுவதையே அந்த அலுவலகம் நிறுத்தி வைத்தது. “எங்கள் கணக்கில் பலவீனம் இருக்கிறது” என்று ஊரறியச் சொன்னது. கணக்கு வைப்பவனுக்கு அது அவமானம் அல்ல, அதுதான் நாணயம்.

ஆனால் எண்ணிக்கை வெளியே தெரிவது பாதி வேலைதான். அந்த எண்ணிக்கையைக் கொண்டு அரசாங்கம் என்ன செய்யப்போகிறது, அதனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதும் தெரிய வேண்டும். இங்கேதான் பிரிட்டனில் இரண்டு சம்பவங்கள் நடந்தன.

முதலாவது, 2023-இல். அப்போதிருந்த கன்சர்வேட்டிவ் அரசாங்கம், நோயாளிகளின் வேலைத் திறனைச் சோதிக்கும் விதிகளை மாற்றப்போவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நோயாளிகளை வேலைக்குக் கொண்டுவர உதவுவதே நோக்கம் என்று இனிமையாக எழுதியது. கருத்துச் சொல்ல எட்டு வாரம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. மாற்றத்தால் பாதிக்கப்படுவோரில் பலருக்கு மாதம் 416 பவுன் வரை குறையும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. செலவைக் குறைப்பதும் ஒரு பெரிய நோக்கம் என்பதையும் மறைத்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைக்கும் ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். 2025 ஜனவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், அந்தக் கருத்துக் கேட்பு மக்களைத் தவறான வழியில் எண்ணச் செய்தது, ஆகவே அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது.

இரண்டாவது, 2025-இல். இப்போது ஆட்சியில் தொழிற்கட்சி. அதனால் எல்லாம் மாறிவிட்டதா? மார்ச் 18-ஆம் தேதி அந்த அரசாங்கம் ஒரு பச்சை அறிக்கையை வெளியிட்டது. நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுக்கும் உதவித் தொகையைச் சுருக்கி, ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுன் மிச்சம் பிடிப்பது திட்டம். முக்கியமான வெட்டுக்கள் சிலவற்றைப் பற்றிக் கருத்தே கேட்கப்போவதில்லை என்றும் அதில் இருந்தது. ஆனால் எட்டே நாளில், மார்ச் 26-ஆம் தேதி, அரசாங்கத்தின் சொந்த இலாகாவே விளைவுக் கணக்கை வெளியிட வேண்டியதாயிற்று. இந்த வெட்டுக்களால் 2,50,000 பேர் வறுமையில் விழுவார்கள், அவர்களில் 50,000 பேர் குழந்தைகள் என்று அந்தக் கணக்கு சொன்னது!

அந்த ஒரு எண் செய்த வேலையைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதைக் கையில் ஏந்தின. ஆளும் கட்சியிலேயே 120-க்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் எதிர்ப்பில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை 1-ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்த அன்றைக்கே, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் தொகையில் கை வைக்கும் பிரிவை அரசாங்கம் பின்வாங்கிக்கொண்டது. முதலில் சர் ஸ்டீபன் டிம்ஸ் என்ற அமைச்சரின் தலைமையில், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு ஆராய்வோம் என்று ஒப்புக்கொண்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. புதிதாக விண்ணப்பிக்கும் நோயாளிகளில் பெரும்பாலோருக்குரிய கூடுதல் தொகையை 2026 ஏப்ரல் முதல் ஏறக்குறையப் பாதியாக்கும் பிரிவு சட்டமாகிவிட்டது. ஆனாலும், கணக்கு வெளியே வராமல் இருந்திருந்தால் முழு வெட்டும் விழுந்திருக்கும் என்பதை யார் மறுக்க முடியும்?

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும், கதவு மூடியிருந்தால் நோயாளியின் தட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் அந்தக் கை தயங்குகிறது.

நம் நாட்டில் நிலைமை என்ன?

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் உள்ளவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். இந்த 60 நாளைச் சாதாரண நோய் விடுப்போடு சேர்த்துக் கழிக்காமல் தனியாகவே கொடுக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971-இல் தொடங்கிய சொக்சோ இருக்கிறது. இன்று பெர்கேசோ என்கிறோம். வேலையில் அடிபட்டால், நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். தீராத நோயால் இனி வேலை செய்ய இயலாது என்றால் இயலாமை பென்ஷன் உண்டு. மலாயில் ‘பென்சென் இலாட்’ என்பார்கள். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை அது கிடைக்கும். நோயாளியை மறுபடியும் வேலைக்குத் திருப்பும் திட்டம் ஒன்றை 2007-இலிருந்து பெர்கேசோ நடத்துகிறது. மலாக்காவில் ஒரு பெரிய மறுவாழ்வு மையமும் அதற்கு இருக்கிறது. இவை நல்ல காரியங்கள், மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் இந்த இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. சம்பள விடுப்பு ஒரு பக்கம். நிரந்தர இயலாமை பென்ஷன் மறுபக்கம். நடுவில் நிற்பவருக்கு என்ன? காசநோய் கண்ட ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். மருந்து சாப்பிட வேண்டிய காலம் வழக்கமாக ஆறு மாதம், அதாவது சுமார் 180 நாள். நல்ல மருந்து, இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கும் சம்பள விடுப்பு 22 நாள். ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களையும் உச்ச அளவுக்குச் சேர்த்தால் 82 நாள். பலருக்குச் சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடும், மற்றவர்களுக்குத் தேறாது. விடியலில் எழுந்து, ஐந்நூறு மரத்தை ஒட்டி நடந்து, பால் வாளி சுமக்கிற பலம் மருந்து முடியும்வரை வராதவர்கள் உண்டு. அந்த மாதங்களில் அவருக்கு யார் கொடுப்பார்? நோய் குணமாகக் கூடியது, ஆகவே இயலாமை பென்ஷன் கிடையாது. வேலையில் வந்த காயம் அல்ல, ஆகவே 80 விழுக்காடும் கிடையாது. அரசாங்க ஊழியருக்குக் காசநோய், தொழுநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு நீண்ட சிறப்பு விடுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளியின் நுரையீரல் என்ன வேறு விதமாகவா படைக்கப்பட்டிருக்கிறது?

இயலாமை பென்ஷனிலும் ஒரு கேள்வி இருக்கிறது. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க இயலாதவரே இயலாதவர் என்பது சட்டத்தின் அளவுகோல். டாக்டர்கள் குழு அதை முடிவு செய்கிறது. முதுகு தேய்ந்த பால்வெட்டுத் தொழிலாளி அந்த அறைக்குள் மெதுவாக நடந்து வருவார், நாற்காலியில் உட்காருவார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார். பார்த்தால் நன்றாகத்தான் இருப்பார். ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் நிரைக்கு நிரை குனிந்து நிமிர்ந்து வெட்டுவதை அந்த அறையில் யாரும் பார்ப்பதில்லை. “இலேசான வேலை செய்யலாம்” என்று எழுதுவது சுலபம். தோட்டத்தில் இலேசான வேலை எத்தனை பேருக்கு இருக்கிறது?

இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் எத்தனை பேர்? தோட்டத் துறையில் எத்தனை பேர்? எந்த நோயால், எந்த வயதில், எத்தனை ஆண்டு உழைப்புக்குப் பிறகு விழுந்தார்கள்? விண்ணப்பம் போட்டவர்களில் பென்ஷன் கிடைத்தவர் எத்தனை, மறுக்கப்பட்டவர் எத்தனை, மேல்முறையீட்டில் வென்றவர் எத்தனை? இவற்றுக்கு ஒரு சாதாரணத் தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளும்படி, துறை வாரியாக, ஆண்டுதோறும் விடை வர வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நோயின் கணக்கு இருக்கிறது. அந்த நோயால் வேலை இழந்த மனிதனின் கணக்கும் அதன் பக்கத்தில் வர வேண்டும் அல்லவா?

கப்பலேற்றினால் கணக்கு குறையும்

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நோயைக் குறைப்பது. மற்றொன்று, நோயாளியை அப்புறப்படுத்துவது.

முதல் வழிக்கு நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியாக் காய்ச்சல்காரர்களை எண்ணினார். எந்த இடத்தில் எத்தனை பேர் என்று குறித்தார். பிறகு சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். நூற்றுக்கணக்கில் இருந்த காய்ச்சல்காரர்கள் சில ஆண்டுகளில் சில பத்துப் பேராகக் குறைந்தார்கள். தோட்டங்களிலும் அதே முறையை அவர் பரப்பினார். எண்களை எழுதி வெளியிட்டதால்தான் கொசுவுக்கும் தொழிலாளியின் சாவுக்கும் உள்ள தொடர்பை முதலாளிகளால் மறுக்க முடியாமல் போயிற்று.

இரண்டாவது வழிக்கும் உதாரணம் இங்கேயே இருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில், உழைத்து உடல் தளர்ந்தவர்கள் இந்தியக் குடியேற்ற நிதியின் செலவில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எந்தத் தோட்டத்தின் ஏட்டிலும் ஏறவில்லை. தோட்டத்தின் கணக்கு சுத்தமாக இருந்தது!

இன்று நிரை பிடிப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தோழர்கள். வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறாதவர் நாடு திரும்ப வேண்டும் என்பது விதி. 2019 ஜனவரி முதல் அவர்களுக்கு வேலைக் காயப் பாதுகாப்பும், 2024 ஜூலை முதல் இயலாமைப் பாதுகாப்பும் பெர்கேசோவில் கிடைத்திருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் இங்கே வாங்கிய நோயோடு விமானம் ஏறியவர் எத்தனை பேர் என்ற கணக்கும் வேண்டும். நம் பாட்டனுக்கு நடந்தது இன்னொருவர் பிள்ளைக்கு நடக்கும்போது, நமக்கென்ன என்று சும்மா இருப்பது சங்கத்தாருக்கு அழகல்ல.

“சோம்பேறிகள்” என்ற வாதம்

இதையெல்லாம் பேசினால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். “எம்.சி. எடுப்பவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள். கேட்கிறதையெல்லாம் கொடுத்தால் வேலைக்கு யார் வருவார்?” என்பார்கள். பிரிட்டனிலும் இதே பேச்சுத்தான்.

பொய் எம்.சி. எடுப்பவரே கிடையாது என்று நாம் சாதிக்க வரவில்லை. அப்படிப்பட்டவரால் முதலில் கெட்டுப்போவது பக்கத்து நிரையில் உள்ள நேர்மையான தொழிலாளியின் பெயர்தான். ஆனால் எத்தனை பேர் அப்படி என்று யாருக்குத் தெரியும்? கணக்கு இல்லாத இடத்தில்தான் இந்த அவதூறு வளர்கிறது. கணக்கைத் திறந்து வைத்தால், பொய்யர் இருந்தால் அவர் அளவும் தெரியும். உண்மையான நோயாளியின் அளவும் தெரியும். நாம் கணக்குக்குப் பயப்படவில்லை. பயப்படுகிறவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திறந்த கணக்கு என்றால் நோயாளியின் பெயரையும் நோயையும் ஊரறியச் சொல்வது என்று யாரும் திரித்துப் பேசக் கூடாது. ஒருவருடைய நோய் அவருக்கும் அவர் டாக்டருக்கும் உள்ள விஷயம். நாம் கேட்பது பெயரை அல்ல, எண்ணிக்கையை.

நாம் கேட்பது

முதலாவது, புள்ளிவிவரத் துறை, நோயாலும் உடற்குறையாலும் வேலைக்கு வெளியே நிற்பவர்களைத் தனித் தனியாக, வயது, மாநிலம், முன்பு செய்த தொழில் என்ற பிரிவுகளோடு காலந்தோறும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது, இயலாமை பென்ஷன் விண்ணப்பங்களின் முடிவுகளைப் பெர்கேசோ துறை வாரியாக, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். அந்தச் சந்தாவில் நம் பங்கும் இருக்கிறது. கணக்குக் கேட்பது நம் உரிமை.

மூன்றாவது, நோய் விடுப்பு தீர்ந்த பிறகும் குணமாகாத, ஆனால் குணமாகக் கூடிய தொழிலாளிக்கு இடைக்கால உதவித் தொகை வேண்டும். அதற்கு என்ன செலவாகும், யார் எவ்வளவு போட வேண்டும் என்பதை அரசாங்கமும் முதலாளிகளும் சங்கங்களும் ஒரே மேசையில் எண்களை வைத்துப் பேச வேண்டும்.

நான்காவது, நோயாளிகளைப் பற்றிய எந்தச் சட்டத் திருத்தத்துக்கும், அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற விளைவுக் கணக்கு நாடாளுமன்றத்துக்கு வருமுன் மக்களுக்கு வர வேண்டும். சிலாங்கூரும் பினாங்கும் 2011-இலேயே தகவல் உரிமைச் சட்டங்களை நிறைவேற்றின. மாநிலத்தால் முடிந்தது நாடு முழுவதற்கும் முடியாதா?

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும் நாம், நம் பக்கத்துக் கணக்கையும் ஒழுங்காக வைக்க வேண்டும். தோழர்களே, நோய் கண்டால் நாட்டு மருந்தோடு நின்றுவிடாதீர்கள்; டாக்டரிடம் காட்டி எம்.சி. வாங்குங்கள். 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அனுமதியின்றி வராதவர் என்று எழுத நிர்வாகத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எம்.சி.யின் நகல் ஒன்று உங்கள் தகரப் பெட்டியில் இருக்கட்டும். நிரையில் வழுக்கி விழுந்தாலும், பாம்பு கடித்தாலும், கண்ணில் பால் தெறித்தாலும் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத காயத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு. டாக்டர்கள் குழு மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று திரும்பி வராதீர்கள். 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கடிதம் கிடைத்த அன்றே சங்கக் கமிட்டியிடம் கொண்டுவாருங்கள்.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு சொல். நாம் எழுதும் ஒரு குறியில் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது. ‘நோய்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வரவில்லை’ என்று எழுதினால், பின்னால் எந்தக் கமிட்டியும் அதைத் திருத்துவது கஷ்டம். யார் சொன்னாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவோம். ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டிலிருந்து, நோயால் செக்ரோலை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். நூறு கிளையின் நோட்டுகள் ஒன்று சேர்ந்தால், அரசாங்கத்தின் மேசைமேல் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வருவதற்கு முன்பே அடுத்தவர் காய்ச்சலை அறிந்து நடப்பதற்குத்தான் சங்கம். மரத்துக்குக் கணக்கு வைக்கும் நாட்டில் மனிதனுக்கும் கணக்கு வைக்கட்டும். அதை எல்லாரும் பார்க்கும்படி வைக்கட்டும். அது கிடைக்கும்வரை கேட்போம். ஒன்றாக நின்று கேட்போம்!